எல்லை வால்வின் கைப்பிடி

மே 6

ஒனோதெரா தொகுஜி அவர்களுக்கு,

குராமோச்சி சுமியே எழுதுவது. உங்களோடு இனிப் பேசமாட்டேன் என்று புத்தாண்டு விருந்தில், ஊர் மன்றத்தில், அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அதில் மாற்றமில்லை. எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். வீடு வீடாகக் கைமாறும் சுற்றறிக்கைப் பலகை என் வீட்டுக்கு அடுத்து உங்கள் வீட்டுக்குத்தான் போயாக வேண்டும். நாற்பது வருஷமாக ஐந்து வீட்டுக்கும் இந்த வரிசைதான், நம் சண்டைக்காக அது மாறப்போவதில்லை. பலகைப் பைக்குள், கரடி நடமாட்ட எச்சரிக்கைக்குக் கீழே, இந்த உறை இருக்கும்.

நம் இரண்டு பண்ணைக்கும் பொதுவான சாணக் கரைசல் தொட்டியிலிருந்து என் எட்டு ஹெக்டேர் புல்லுக்கு இனி ஒரு சொட்டு வரக் கூடாது. எல்லையில் இருக்கும் வால்வை மூடிவிட்டேன். கைப்பிடியைக் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறேன், தேட வேண்டாம். பனி உருகி திமோதிப் புல் துளிர்விட்டாயிற்று. இந்த வருஷம் எனக்கு உரமூட்டை மட்டும் போதும்.

போன இலையுதிர் காலத்தில் கன்று போட்ட என் மாடுகளில் நாலு படுத்தபடியே கிடந்தன. டாக்டர் ஊசி ஏற்றி இரண்டைப் பிழைக்க வைத்தார். மற்ற இரண்டும், அசுகியும் அவளுடைய அக்காவும், போய்விட்டார்கள். அதே தொட்டி, அதே தண்ணீர், ஆனால் உங்கள் மாடு ஒன்றுகூடத் தள்ளாடவில்லை. தெளிந்த தண்ணீரை உங்கள் நிலத்துக்கு விட்டுக்கொண்டு அடிவண்டலை என் நிலத்துக்குத் தள்ளினீர்கள் என்று மன்றத்தில் சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

செப்டம்பர் 26 அன்று குஷிரோவிலிருந்து மாட்டுத் தரகர் வருகிறார். மிச்சமிருக்கும் முப்பத்தெட்டையும் மொத்தமாகக் கொடுத்துவிட்டுத் தொழுவத்தைப் பூட்டப் போகிறேன். கன்று போட்டவள் கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு கிடப்பதை இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதுவரைக்குமாவது அவை நல்ல புல் தின்னட்டும்.

படித்ததற்கு முத்திரை வைத்துவிட்டுப் பலகையை நேரத்தோடு அடுத்த வீட்டுக்கு அனுப்பவும்.

குராமோச்சி சுமியே


மே 17

சுமியே,

இதென்ன புதிதாக 'அவர்களுக்கு'? ஏழு பேர் படித்த பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து என் ரப்பரையெல்லாம் கடித்துத் துப்பியவள் நீ. எனக்கு 'நீங்கள்' வராது.

உன் கடிதம் ஒரே நாளில் வந்துவிட்டது. என் பதில் மூன்று வீடு சுற்றி உன்னிடம் வர வேண்டும், அந்த மூன்றில் இஷிகாமி வீடும் ஒன்று. உறையை நாலு பக்கமும் ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருக்கிறேன். பிய்ந்திருந்தால் அது யார் வேலை என்று உனக்கே தெரியும்.

அடிவண்டல் என்கிறாய். தொட்டிக்குள் மணிக்கொரு தரம் துடுப்பு சுற்றுகிறது, அடியிலிருந்து காற்று அடிக்கிறது. சாணமும் மூத்திரமும் கரைந்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்ந்துதான் குழாய்க்கே வருகிறது. அதில் மேலேது, கீழேது? வந்து பார் என்றால் நீ வரமாட்டாய்.

அன்று மன்றத்தில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று மியோவும் கேட்டுவிட்டாள். "ஏங்க, அவ அத்தனை பேர் முன்னாடி அந்தப் பேச்சு பேசறா, நீங்க மீன் முள்ளை எடுத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, உப்புப் போட்டுத்தானே திங்கறீங்க?" என்றாள். மனைவியிடம் சொல்ல முடியாததை உன்னிடம் எப்படிச் சொல்ல? அதை விடு.

ஒன்று மட்டும் கேள். பால் கூட்டுறவுச் சங்கத்தின் துண்டுத்தாளில் போட்டிருக்கிறபடி முழு அளவு மூட்டையைக் கொட்டாதே. போன வருஷத்துப் புல்லைச் சுருட்டிக் கட்டிய உருளை ஒன்றிரண்டு உன் கொட்டகையில் மிச்சம் இருக்கும். அதில் ஒரு பிடி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பு. மாட்டை விற்பது பிறகு.

தொகுஜி


மே 28

ஒனோதெரா அவர்களுக்கு,

உறை பிய்யவில்லை. ஆனால் ஆவியில் காட்டியதுபோல் ஒரு ஓரம் சுருங்கியிருந்தது.

மூட்டையை 12ஆம் தேதியே போட்டாயிற்று, முழு அளவு. நீங்கள் சொல்லியா நான் உரம் போட வேண்டும்? போன வருஷத்துப் புல்லில் ஒரு பிடி அனுப்பியிருக்கிறேன். டாக்டரும் அதையே சொன்னார், அதனால்தான் அனுப்பினேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை. காகிதம் வரட்டும், அதை அப்படியே மன்றத்துச் சுவரில் ஒட்டுகிறேன்.

'அதை விடு' என்றீர்களே, எதை விடுவது?

குராமோச்சி


ஜூன் 21

ஒனோதெரா அவர்களுக்கு,

போன பலகையில் தடுப்பூசி அறிவிப்பும் புல்வெட்டும் நாள் பட்டியலும் மட்டுமே வந்தன. உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. என் கேள்விக்குப் பதில் தெரியாதா, சொல்ல மனமில்லையா?

காகிதம் வந்துவிட்டது. புல்லில் சாம்பல் சத்து இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு இருக்கிறதாம். டாக்டர் தொழுவத்திலேயே நின்று படித்துச் சொன்னார். "சுமியே-சான், இது விஷமெல்லாம் இல்ல. சாம்பல் சத்து இவ்வளவு ஏறின புல்ல மாசம் முத்தின மாடு தின்னுச்சுன்னா, கன்னு போட்டு பால் எறங்குற நேரத்துல எலும்புலேருந்து சுண்ணாம்புச் சத்த எடுக்க அதால முடியாது. அப்படியே படுத்துரும். கறக்கிற மாடு அவ்வளவா படுக்காது, சினை மாட்டைத்தான் சாய்க்கும்" என்றார்.

சாணக் கரைசலில் சாம்பல் சத்து கொட்டிக் கிடக்கும் என்று எனக்கும் தெரியும். பனி உருகியதும் ஒரு தெளிப்பு, முதல் அறுப்புக்குப் பின் ஒரு தெளிப்பு, அவ்வளவுதான் நம் ஒப்பந்தம். அந்த இரண்டையும் மூட்டையையும் சேர்த்து உட்கார்ந்து பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் இந்த இரண்டு மடங்கு வரவில்லை. என் பக்கத்தில் விட்டுப்போனதையும் சேர்த்துத்தான் பார்த்தேன், அப்போதும் வரவில்லை. வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது. தொட்டி உங்கள் வாசலில் இருக்கிறது. எங்கிருந்து வந்தது?

குராமோச்சி


ஜூலை 2

சுமியே,

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். இஷிகாமி வீட்டம்மா படித்தால் படிக்கட்டும்.

போன வருஷம் ஏப்ரலில் பால் அறை வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி நீ மணிக்கட்டை முறித்துக்கொண்டாய். இருபத்தாறு நாள் நான் வந்து உன் மாடுகளைக் கறந்தேன். அது உனக்குத் தெரியும், அதற்குப் பதிலாக நீ என் வீட்டுக்கு அனுப்பிய சால்மன் மீனை இன்னும் தின்று முடிக்கவில்லை. உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மே மாதத்தில் கடல் மூடுபனி வந்து பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத காலைகளில், நான் தெளிப்பானை இழுத்துக்கொண்டுபோய் உன் நிலத்தில் வைத்தேன். ஒரு தெளிப்புக்குப் பதில் நாலு. கை குணமாகி நீ வெளியே வரும்போது புல் இடுப்புயரம் நிற்க வேண்டும், அதைப் பார்த்து உன் முகம் மலர வேண்டும் என்று நினைத்தேன். நின்றது. நீயும் ஜூன் மாதம் வேலியில் சாய்ந்துகொண்டு "இந்த வருஷம் புல்லு என்னமா வந்திருக்கு பாரு தொகு!" என்றாய். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

சொன்னால் நீ சும்மா இருக்கமாட்டாய். ஒரு கூடை உருளைக்கிழங்கு கொடுத்தால் மறுநாளே அதைவிடப் பெரிய கூடையோடு வந்து நிற்பவள் நீ. ஒடிந்த கையோடு என்ன செய்து தொலைப்பாயோ என்று பயந்துதான் சொல்லாமல் விட்டேன்.

மாடுகள் விழுந்தபோதே எனக்கு உறுத்தியது. மன்றத்தில் நீ என்னைத் திட்டியபோது, 'உனக்கு நல்லது செய்யப் போய்த்தான்' என்று எந்த வாயால் சொல்வேன்? உதவியைச் சொல்லிக்காட்டுகிற ஆளாகிவிடுவேன். சொல்லாவிட்டால் வண்டலைத் தள்ளியவன். இரண்டில் வண்டலே மேல் என்று உட்கார்ந்துவிட்டேன். அசுகியைக் கொன்றது நான்தான், சுமியே. அவள் கன்றாக இருந்தபோது புட்டியில் பால் கொடுத்ததும் நான்தான்.

என் மாடுகள் ஏன் விழவில்லை என்று உட்கார்ந்து யோசித்தேன். அதில் என் சாமர்த்தியம் எதுவுமில்லை, முழுக்க என் சோம்பேறித்தனம். ஓடைக்கரை மூலையில் தெளிப்பான் திரும்பாது, உர வண்டியும் போகாது. எட்டு வருஷமாக அந்த மூலைக்கு மழையைத் தவிர எதுவும் கிடைத்ததில்லை. அங்கே வருகிற முரட்டுப் புல்லைக் கறவைக்குப் போட்டால் பால் குறையும் என்று, பால் வற்றிய சினை மாடுகளுக்குத் தள்ளிவிடுவேன். அதுதான் அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது.

அந்த மூலையில் இந்த வருஷம் பதினாலு உருளை தேறும். பதினாலும் உன் சினை மாடுகளுக்கு. இந்த முறை சொல்லிவிட்டுத் தருகிறேன். முதல் அறுப்பு முடிந்ததும் உன் நிலத்துக்குத் தழைச்சத்து மட்டும் போடு. சாம்பல் சத்து ஒரு பிடிகூட வேண்டாம், இன்னும் இரண்டு வருஷத்துக்கு மண்ணே அதைக் கொடுக்கும்.

தொகுஜி


ஜூலை 5

உங்களை யார் கேட்டது?

நாலு தெளிப்பு போடு என்று நான் கேட்டேனா? மூடுபனிக்குள் ஒளிந்துகொண்டு ஒருத்திக்கு நல்லது செய்ய வேண்டும் என்று யார் அழுதார்கள்? நேராக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அசுகி இன்று தொழுவத்தில் நின்றுகொண்டிருப்பாள். உருளை வேண்டாம். நேற்று முதல் அறுப்பு முடிந்தது. இது என் கடைசி வருஷத்துப் புல், ஒரு இணுக்கு விடாமல் தரையை ஒட்டி வெட்டிவிட்டேன்.

சுமியே


ஜூலை 20

சுமியே,

நீ திட்டுவாய் என்று தெரிந்தேதான் பலகையைப் பின்னோக்கிக் கொண்டுவந்து உன் பால் அறைக் கதவில் மாட்டியிருக்கிறேன். முத்திரை எதுவும் வைக்கவில்லை, வரிசை கெட்டுப்போனது எனக்கும் தெரியும். மூன்று வீடு சுற்றி வருவதற்குள் உன் புல் செத்துவிடும்.

மழை பெய்து பதினாறு நாள் ஆகிறது. கடல் மூடுபனிகூட இந்தப் பக்கம் வரவில்லை. நம் ஊர் ஜூலையில் இப்படி நான் பார்த்ததேயில்லை. எல்லையில் நின்று பார்த்தேன், உன் வயல் பழுப்பேறிக் கிடக்கிறது. திமோதிக்கு அடியில் சின்ன வெங்காயம்போல் ஒரு குமிழ் இருக்குமே, வெட்டியபின் துளிர்க்கும் மறுதாம்பு அதிலிருந்துதான் வரும். ஒரு முஷ்டி உயரம் விட்டு வெட்டியிருந்தால் தாங்கும். நீ ஆத்திரத்தில் மொட்டையடித்து வைத்திருக்கிறாய். ஒரு செடியைப் பிடுங்கிக் குமிழை நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஒரு வாரம் போனால் அதுவும் இருக்காது. பிறகு அடுத்த வருஷம் அங்கே களைதான் முளைக்கும்.

வெறும் தண்ணீர் போதும். தொட்டியின் பக்கத்தைப் பூட்டிவிட்டேன், பாசனக் குழாயிலிருந்து நேராக வரும். நீயே வால்வுக்குப் பக்கத்தில் நின்று முகர்ந்து பார்த்துக்கொள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. செப்டம்பரில் மாட்டையெல்லாம் கொடுத்துவிடப் போகிறவளுக்கு அடுத்த வருஷத்துப் புல் எதற்கு என்று நீ நினைத்தால், இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம். புல் காயட்டும். நான் இனி ஒன்றும் கேட்கமாட்டேன்.

தொகுஜி


ஜூலை 21

தொகு,

பலகை பின்னோக்கி வந்ததை இஷிகாமி வீட்டம்மா ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "சுமியே-சான், யாராச்சும் செத்துட்டாங்களா?" என்கிறாள். இன்னும் இல்லை என்று சொன்னேன்.

உன் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு வயலுக்குப் போனேன். பதில் போட வேண்டாம் என்றுதான் போனேன். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன், குமிழைக் கீறினேன், பிடுங்கினது வீணாகிவிடக் கூடாதே என்று அதைத் திரும்ப நட்டேன். மாட்டை விற்கப் போகிறவள் யாராவது ஒற்றைப் புல்லைத் திரும்ப நடுவாளா? அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

அழுகை நின்றபிறகு இதை எழுதுகிறேன். என் பக்கத்தில் விட்டுப்போனது என்று ஜூனில் எழுதியிருந்தேனே, நீ அது என்னவென்று கேட்கவேயில்லை. போன வருஷம் ஜூலையில், கை சரியானதும், நான் என் வயலுக்கு மூட்டையை இரண்டு தடவை போட்டேன். இருபத்தாறு நாள் எனக்காகக் கறந்தவனுக்குத் தன் தெளிப்பையே பார்க்க நேரம் இருந்திருக்காது, முதல் அறுப்புக்குப் பின் என் வயலுக்குக் குறைவாகத்தான் விட்டிருப்பான், அவனிடம் போய் இன்னும் கொஞ்சம் விடு என்று கேட்க எனக்கு எப்படி மனசு வரும் என்று நானாக நினைத்துக்கொண்டு, உனக்குத் தெரியாமல் இன்னொரு சுற்று கொட்டினேன். நீ எனக்குத் தெரியாமல், நான் உனக்குத் தெரியாமல். இரண்டு மடங்கு எங்கிருந்து வந்தது என்று உன்னைக் கேட்டேனே, அதில் பாதி என் கொட்டகையிலிருந்து வந்தது. ஊர் முன்னால் உன்னை மட்டும் திட்டினேன். மன்னித்துவிடு, தொகு. இதைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

பையின் அடியில் கனமாக இருப்பது வால்வின் கைப்பிடி. கிமோனோப் பெட்டிக்குள் வைத்திருந்தேன், அதனால் அந்துருண்டை வாசனை அடிக்கும். இன்றைக்கே திற.

இனி ஒன்று. என் வயலுக்கு நீ தண்ணீர் விட்டாலும், நான் மூட்டை போட்டாலும், வால்வுக் கம்பத்தில் ஒரு சிலேட்டு தொங்கும், அதில் எழுத வேண்டும். தேதி, என்ன, எவ்வளவு. எழுதாமல் எவரும் எவருக்கும் நல்லது செய்யக் கூடாது.

ஓடைக்கரை உருளைகளையும் கொண்டுவா. செப்டம்பரில் ஆறு மாடு கன்று போடும், அசுகியின் மகள் கொமுகிக்கு அதுதான் தலைச்சன். தரகர் வரத்தான் போகிறார், அது மாறவில்லை. ஆறும் எழுந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

சுமியே


செப்டம்பர் 8

சுமி,

சிலேட்டில் எழுதியது மழையில் அழிந்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். ஜூலை 21 முதல் ஆகஸ்டு 6 வரை வெறும் தண்ணீர், ஆறு தரம். தழைச்சத்து நீ போட்டது, ஒரு தரம். சாம்பல் சத்து இல்லை. சாணக் கரைசல் இல்லை; அது முழுக்க என் மக்காச்சோளத்துக்குப் போய்விட்டது, மக்காச்சோளத்துக்கு எவ்வளவு போட்டாலும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

நேற்று உன் இரண்டாம் அறுப்பை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். ஒரு முஷ்டி உயரம் விட்டு வெட்டினாய். நடுவில் வண்டியை நிறுத்தி இறங்கி, தரையில் கையை ஊன்றி அளந்து பார்த்தாயே, அதையும் பார்த்தேன். சிரித்துவிட்டேன். மறுதாம்பு இடையிடையே சொட்டையாக இருந்தாலும் முக்கால்வாசி பிழைத்துவிட்டது. இரண்டு கொக்கு வந்து உன் வயலில் நிற்கின்றன, என் வயலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இரண்டு கன்று பிறந்துவிட்டதாமே, தாய் இரண்டும் நின்றுவிட்டதாமே. பால் வண்டிக்காரர்தான் சொன்னார். விற்காதே என்று எழுத வந்தேன், எழுதவில்லை. அது உன் தொழுவம். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் வெறும் கொட்டகையாக நின்றால் எனக்கு எந்தப் பக்கம் பார்த்து வேலை செய்வதென்று தெரியாது. அவ்வளவுதான்.

தொகுஜி


செப்டம்பர் 24

தொகு,

உன் உறையின் பின்புறம் பென்சிலில் எழுதியிருந்ததை நீ பார்த்திருக்கமாட்டாய். 'நாங்க பிரிக்கல. ஆனா மிச்ச மாடும் எந்திரிச்சா சொல்லுங்க.' இஷிகாமி வீட்டம்மா கையெழுத்து. அதற்குக் கீழே மற்ற இரண்டு வீட்டாரும் முத்திரை வைத்திருக்கிறார்கள்.

எந்திரிச்சாச்சு என்று எல்லாருக்கும் சொல்லிவிடு. ஐந்து மாடு ஏற்கெனவே நின்றுவிட்டன. இன்று மதியம் இரண்டு மணிக்குக் கொமுகி கன்று போட்டாள், கிடேரி. நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவளுடைய அம்மா கிடந்த அதே இடம். காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், அசுகிக்கு முதலில் காதுதான் சில்லிட்டது. சூடாகவே இருந்தது. அவள் கழுத்தைத் திருப்பினாள். மடிக்கப் போகிறாள் என்று எனக்கு உயிரே போய்விட்டது. கன்றை நக்கத்தான் திருப்பியிருக்கிறாள். இருபது நிமிஷத்தில் முன்னங்காலை ஊன்றி, பின்னங்காலை ஊன்றி, என் இடது காலின் மேல் ஏறி நின்றாள். நானூறு கிலோ எடையில் ஒரு குளம்பு. வலியில் கத்தினேன். இந்த வருஷத்தில் நான் இவ்வளவு சந்தோஷமாகக் கத்தியதில்லை.

தரகருக்குத் தொலைபேசி போட்டேன். "வர வேண்டாம்" என்றேன். "தேதியைத் தள்ளிப் போடலாமா?" என்றார். "இல்லைங்க, நான் மாட்டைக் கொடுக்கல" என்றேன். சொல்லி முடித்தபிறகு என் வாயிலிருந்தா அது வந்தது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

வசந்தத்தில் பனி உருகியதும் என் வயலுக்கு ஒரு தெளிப்பு வேண்டும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர், ஒரே ஒரு தெளிப்பு. என் பக்கத்தில் ஒரு மூலையைத் தெளிப்பும் மூட்டையும் படாமல் சினை மாடுகளுக்கு என்று விட்டுவிடப் போகிறேன். உன் சோம்பேறித்தனத்தை நான் ஒழுங்காகச் செய்து காட்டுகிறேன்.

இந்த உறையைப் பலகைப் பைக்குள் வைக்கப் போவதில்லை. வீங்கிய காலோடு வயலுக்குக் குறுக்கே நானே எடுத்துக்கொண்டு நடந்து வருகிறேன். நீ படித்து முடிக்கும் வரை வாசலில் ஒன்றும் பேசாமல் நிற்பேன், என் சொல்லை நான் மீறவில்லை என்று ஊருக்குத் தெரிய வேண்டும். ஆகவே முதலில் நீ பேசு, தொகு.

சுமி